டெலோமரேஸைத் தூண்டும் மாத்திரையைப் புற்றுநோயிலிருந்து மீண்டவர் உட்கொள்ளலாமா?

வேளிமலை (தக்கலை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 63. வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்துப் போடும் பழக்கம் அவருக்கு இளமையிலிருந்தே இருந்தது. சென்ற ஆண்டு இடது கன்னத்தின் உட்புறத்தில் வந்த புண் ஆறாமல் நின்றுவிடவே, பயாப்சி எடுத்துப் பார்த்ததில் புற்று என்று தெரிந்தது. அறுவை சிகிச்சையும் அதன்பின் கதிர்வீச்சு சிகிச்சையும் திருவனந்தபுரத்தில் முடிந்து, இப்போது குறித்த தேதிகளில் பரிசோதனைக்கு மட்டும் சென்று வருகிறோம். கட்டி திரும்பியதற்கான அறிகுறி எதுவும் இல்லை என்று மருத்துவர்கள் கூறியிருக்கிறார்கள்.

நெருங்கிய உறவினர் ஒருவர் அப்பா மெலிந்திருப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், மார்த்தாண்டத்தில் நடந்த ஒரு விற்பனைக் கூட்டத்திலிருந்து மாத்திரைப் புட்டி ஒன்றை வாங்கி வந்து கொடுத்துவிட்டார். கூடவே வந்த துண்டறிக்கையில், இம்மாத்திரை டெலோமரேஸ் என்னும் நொதியைத் தூண்டி, குரோமோசோமின் நுனிப் பகுதியான டெலோமியரை நீளச் செய்து, செல்லின் வயதைக் குறைக்கும் என்றும், இது நோபல் பரிசு பெற்ற அறிவியல் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். மேலே ஒரு குரோமோசோமின் படம். அதன் நான்கு நுனிகளிலும் பொன்னிறப் பூச்சு. மாத்திரையில் இருப்பது அஸ்ட்ராகலஸ் வேரின் சாறு என்று பொடி எழுத்தில் அடியில் உள்ளது. புற்றுநோய் என்ற சொல்லே அறிக்கையில் எங்கும் இல்லை.

அப்பாவுக்கு இதை உட்கொள்ள ஆசை இருக்கிறது. உறவினரின் அன்பையும் புறந்தள்ள மனம் வரவில்லை. இதைக் கொடுக்கலாமா, கூடாதா என்பதை மட்டுமன்றி, ஏன் என்பதையும் யாராவது விளக்கினால் அப்பாவிடம் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

சுசீந்திரத்தான் எழுதியது:

வேளிமலைத் தம்பிக்கு, முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். புட்டியைத் திறக்க வேண்டாம். அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது அதையும் துண்டறிக்கையையும் கையோடு கொண்டுபோய்ச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். கல்லூரியில் பல்லாண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில், ஏன் என்பதை என்னால் இயன்றவரை விளக்குகிறேன்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்துக்கொள்ள வேண்டும். படியெடுக்கும் நொதி வெற்று இழையில் தானாகத் தொடங்காது, ஆர்.என்.ஏ.வாலான சிறு துண்டு ஒன்று முன்கூட்டியே பொருந்தியிருந்தால்தான் அங்கிருந்து நீட்டிச் செல்லும். அதுவும் ஒரே திசையில்தான் நகரும். ஆகவே இரு இழைகளில் ஒன்று தொடர்ச்சியாகவும் மற்றது துண்டு துண்டாகவும் படியாகின்றன. வேலை முடிந்தபின் அந்த ஆர்.என்.ஏ. துண்டுகள் அகற்றப்பட்டு, இடைவெளிகள் நிரப்பப்படுகின்றன. ஆனால் கடைக்கோடியில் இருந்த துண்டு அகற்றப்பட்ட இடத்தை நிரப்ப, அதற்கு அப்பால் பிடிமானம் ஏதும் இல்லை. எனவே ஒவ்வொரு பிரிவிலும் நுனி சிறிதளவு குறைந்துகொண்டே வருகிறது. ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்களில் இக்குறைவு ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 50 முதல் 100 எழுத்துகள் (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள்) வரை இருக்கும். இதை 1971இலேயே தர்க்கத்தால் கண்டு எழுதியவர் ரஷ்யரான அலெக்சி ஒலோவ்னிகோவ்.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1961இல், லியோனார்டு ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் மனிதத் தோல், நுரையீரல் போன்றவற்றிலிருந்து எடுத்து வளர்க்கும் செல்கள் ஏறத்தாழ 50 தடவை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று காட்டியிருந்தனர். கோழிக்கருவின் இதயத்திலிருந்து எடுத்த செல்களை முடிவின்றி வளர்க்க முடிகிறது என்ற அலெக்சிஸ் காரலின் கூற்றை உலகமே அதுவரை நம்பியிருந்தது. செல் ஏன் நிற்கிறது என்ற ஹேஃப்ளிக்கின் புதிருக்கு ஒலோவ்னிகோவின் தர்க்கம் விடையாக அமைந்தது.

நுனியில் என்னதான் இருக்கிறது என்பதை 1978இல் எலிசபெத் பிளாக்பர்னும் ஜோசஃப் காலும், குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியில் கண்டறிந்தனர். ஒரே சிறு தொடர் மீண்டும் மீண்டும் வருகிறது. அதில் எந்தப் புரதத்துக்கான செய்தியும் இல்லை. நம் உடலில் அது டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற ஆறெழுத்துத் தொடர். பிறக்கும்போது மனிதனுக்கு ஒவ்வொரு நுனியிலும் இவ்வகை எழுத்துகள் ஏறத்தாழ 10,000 முதல் 15,000 வரை இருக்கும். இத்தொடரைப் புதிதாகச் சேர்க்கும் நொதியின் முதல் தடயத்தை, பிளாக்பர்னின் மாணவியான கரோல் கிரைடர் 1984ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று ஆய்வகத்துக்கு வந்து பார்த்தார். அதுவே டெலோமரேஸ். அதற்குள் ஒரு ஆர்.என்.ஏ. இருக்கிறது; அதில் 11 எழுத்துகள் கொண்ட பகுதியை அச்சாக வைத்துக்கொண்டு, குறைந்துபோன நுனியில் ஆறாறு எழுத்துகளாகச் சேர்த்துச் செல்கிறது. பிளாக்பர்ன், கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூவரும் 2009இல் மருத்துவ நோபல் பெற்றனர். அவ்வாண்டு நம்மவர் கவனமெல்லாம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் பெற்ற வேதியியல் பரிசின் மீது இருந்ததால், இது பலருக்கு நினைவில்லை. துண்டறிக்கை கூறும் நோபல் இதுதான். ஆனால் அது ஒரு நொதியைக் கண்டறிந்ததற்கான பரிசு. எந்த மாத்திரைக்கும் தரப்பட்டதன்று.

இப்போது முக்கியமானது. இந்நொதி நம் உடலின் எல்லாச் செல்களிலும் வேலை செய்வதில்லை. கருவிலும், விந்தணுவை உண்டாக்கும் செல்களிலும், ஓரளவு குருத்துச் செல்களிலும், தூண்டப்பட்ட வெள்ளணுக்களிலும் அது இயங்குகிறது. மற்றபடி தோல், தசை, ஈரல் என உடலின் பெரும்பாலான செல்களில் அதன் மரபணு மூடிவைக்கப்பட்டிருக்கிறது. இந்த மூடலை வெறும் குறைபாடு என்று எண்ணுவதில்தான் விற்பனையாளரின் வாதம் முழுவதும் நிற்கிறது. அது ஒரு காவல் என்பதை அடுத்து எழுதுவோர் விளக்குவார்கள் என்று நம்புகிறேன்.

கரைவலை (கடியப்பட்டணம்) எழுதியது:

சார் எழுதியதைப் படித்தபோது எங்கள் படகில் செய்வது நினைவுக்கு வந்தது. நைலான் கயிற்றை வெட்டியவுடன் நுனியைத் தீயில் காட்டி உருக்கிவிடுவோம். இல்லையென்றால் புரி பிரிந்து, பிரிந்த இழைகள் பக்கத்துக் கயிற்றோடு சிக்கிக்கொள்ளும். டெலோமியரும் அப்படி ஒரு காப்புதானா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி எங்கள் கடற்கரைக்கே உரியது. மணவாளக்குறிச்சி, மிடாலம் பக்கத்து மணலில் மோனசைட் இருப்பதும், அதில் தோரியம் இருப்பதும், அதனால் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அந்த மணலில் பிறந்து, அதிலேயே வலை உலர்த்தி வாழ்கிறோம். கதிர்வீச்சு எங்கள் டெலோமியரைத் தேய்த்துவிடுகிறதா? ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் பொறுப்போடு சொல்ல வேண்டும்.

பார்வதிபுரம் எழுதியது:

கரைவலை அண்ணனின் முதல் கேள்விக்கு, ஆம், மிகப் பொருத்தமான ஒப்பு. செல்லுக்குள் டி.என்.ஏ. முறிந்தால் அதைக் கண்டுபிடித்து ஒட்டும் பொறியமைப்பு ஒன்று எப்போதும் விழித்திருக்கிறது. குரோமோசோமின் இயல்பான நுனியை அது முறிவு என்று தவறாக எண்ணிவிடாதபடி, ஆறு புரதங்கள் சேர்ந்த ஷெல்டரின் என்ற கூட்டு அந்நுனியைப் போர்த்தி, வளையமாக மடித்து வைத்திருக்கிறது. டெலோமியர் மிகவும் குறுகிவிட்டால் போர்த்துவதற்கு இடம் போதாது. அப்போது பி53 என்ற புரதம் விழித்துக்கொண்டு செல்லைப் பிரியவிடாமல் நிறுத்துகிறது. நின்ற செல் சாவதில்லை. உயிரோடு இருந்தபடியே அழற்சியை உண்டாக்கும் பொருள்களைச் சுற்றிலும் கசியவிடுகிறது. வயதான திசுக்களில் இப்படிப்பட்ட செல்கள் சேர்வது முதுமையின் காரணங்களில் ஒன்று.

நான் முன்பு திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் பணியாற்றியபோது டெலோமரேஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைச் செய்திருக்கிறேன். திசுவை அரைத்து எடுத்த சாற்றில் ஒரு சிறு டி.என்.ஏ. துண்டை இடுவோம். நொதி இருந்தால் அத்துண்டின் நுனியில் ஆறெழுத்துத் தொடரைச் சேர்த்துக்கொண்டே போகும், பிறகு பி.சி.ஆர். முறையில் பெருக்கி, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டுவோம். பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் ஒருவருடைய புற்றுத் திசுவும், அவருடைய இயல்பான திசுவும் ஓடும். புற்றுத் திசுவின் வரிசையில் ஆறெழுத்து இடைவெளியில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கறுத்த கோடுகள் அடிவரை இறங்கும். இயல்பான திசுவின் வரிசையில் சோதனை சரியாக நடந்ததைக் காட்டும் ஒற்றைக் கோட்டைத் தவிர வேறெதுவும் இராது. அந்த இரு வரிசைகளையும் ஒருமுறை பார்த்தவர் யாரும் டெலோமரேஸைத் தூண்டும் மருந்தை யோசிக்காமல் கொடுக்க மாட்டார்.

இச்சோதனை முறையை 1994இல் வெளியிட்ட குழுவினரின் கட்டுரையிலேயே கணக்கு இருக்கிறது. புற்றுத் திசுக்கள் 101இல் 90இல் டெலோமரேஸ் இயங்கியது. இயல்பான உடல் திசுக்கள் 50இல் ஒன்றில்கூட இல்லை. 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல்கள் இன்றுவரை உலகெங்கும் ஆய்வகங்களில் பிரிந்துகொண்டே இருப்பதற்கு இந்நொதியே ஒரு முக்கியக் காரணம். மனிதச் செல்லில் டெலோமரேஸ் முதன்முதலில் கண்டறியப்பட்டதும் 1989இல் அச்செல்களில்தான்.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. டெலோமரேஸ் மட்டுமே ஒரு செல்லைப் புற்றாக்கிவிடாது. 1998இல் இயல்பான மனிதச் செல்களுக்குள் டெலோமரேஸின் புரதப் பகுதிக்கான மரபணுவைச் செலுத்தியபோது, அவை வழக்கமான எல்லையைத் தாண்டிப் பிரிந்தன; ஆனால் புற்றாக மாறவில்லை. மறு ஆண்டு வேறொரு குழு, அதே மரபணுவோடு பி53ஐயும், செல் பிரிவைக் கட்டுப்படுத்தும் ஆர்.பி. என்ற இன்னொரு புரதத்தையும் முடக்கும் வைரஸ் புரதத்தையும், வளர்ச்சியை ஓயாமல் தூண்டும் ராஸ் மரபணுவையும் சேர்த்தபோது மனிதச் செல்கள் உண்மையான புற்றுச் செல்களாயின. அதாவது மற்றக் கேடுகள் ஏற்கெனவே நடந்த செல்லுக்குத்தான் டெலோமரேஸ் வாழ்நாளை அளிக்கிறது.

அத்தகைய செல்லுக்கு அது கிடைக்காவிட்டால் என்ன நேரும்? பி53இன் தடையை உடைத்துக்கொண்டு அது மேலும் சில காலம் பிரியும். பிறகு நுனிகள் அறவே தேய்ந்து, குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரியும்போது இழுபட்டு முறியும். அக்கட்டத்தில் பெரும்பாலும் எல்லாமே மடிகின்றன. ஆய்வகத்தில் ஏறத்தாழக் கோடியில் ஒரு செல்தான் தப்புகிறது; தப்புவதும் பெரும்பாலும் டெலோமரேஸை மீட்டுக்கொண்டதால்தான்.

வேளிமலைத் தம்பி கவனிக்க வேண்டியது இதைத்தான். உங்கள் அப்பா பல ஆண்டுகள் புகையிலை போட்டவர். கட்டி இருந்த இடத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள் என்றாலும், அதே புகையிலைச் சாறு பட்ட மற்ற உள்வாய்ச் சவ்வில் ஒன்றிரண்டு கேடுகள் ஏற்கெனவே நிகழ்ந்த செல்கூட்டங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கக்கூடும். வாய்ப்புற்று வந்தவருக்கு வாயின் வேறோர் இடத்தில் மீண்டும் வருவதற்கு இதுவே காரணம். அச்செல்கள் இன்னும் கட்டியாகாமல் இருப்பதற்கு டெலோமியரின் எல்லையும் ஒரு தடையாக நிற்கிறது. அந்தத் தடையை நாமே போய் எடுத்துவிடலாமா?

2013இல் மெலனோமா என்ற தோல் புற்றில் டெலோமரேஸ் மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஒற்றை எழுத்து மாறுவது கண்டறியப்பட்டது. அந்த ஓரெழுத்து மாற்றம், மூடியிருந்த மரபணுவைத் திறக்கும் புரதம் வந்து அமர ஒரு புதிய இடத்தை உண்டாக்கிவிடுகிறது. இந்திய நோயாளிகளின் வாய்ப்புற்றிலும் கருப்பைவாய்ப் புற்றிலும் இதே மாற்றங்கள் அடிக்கடி காணப்படுவதாகப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

மருந்துவாழ்மலை எழுதியது:

சாரும் அக்காவும் எழுதியவற்றை மதிப்போடு படித்தேன். ஆயினும் மறுபக்கத்தையும் வைக்க விரும்புகிறேன். காயகற்பம் என்ற எண்ணம் நம் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக வேரூன்றியது; எங்கள் மலையில் மூலிகை தேடி இன்றும் ஆட்கள் ஏறுகிறார்கள். முதுமையைத் தள்ளிப்போட நினைப்பதே தவறு என்பதுபோல் விவாதம் செல்லக் கூடாது.

அறிவியலிலும் சான்றுகள் இருக்கின்றன. 2010இல் அமெரிக்காவில் ரொனால்டு டிபின்ஹோவின் குழு, முதுமையால் தளர்ந்த எலிகளில் டெலோமரேஸை மீண்டும் இயக்கியபோது, சுருங்கிய உறுப்புகள் பழைய நிலைக்குத் திரும்பின. 2012இல் ஸ்பெயினில் மரியா பிளாஸ்கோவின் குழு டெலோமரேஸ் மரபணுவை ஒரு வைரஸ் மூலம் எலிகளுக்குச் செலுத்தியது. ஒரு வயதில் பெற்ற எலிகளின் சராசரி ஆயுள் 24 விழுக்காடும், இரண்டு வயதில் பெற்றவற்றின் ஆயுள் 13 விழுக்காடும் கூடின, புற்று கூடவில்லை. இதை வைத்துப் பார்த்தால் அச்சம் மிகைப்படுத்தப்பட்டதாகத் தோன்றவில்லையா?

சுசீந்திரத்தான் எழுதியது:

நல்ல கேள்வி, இதைத் தவிர்த்துவிட்டுப் பேசினால் விவாதம் முழுமையாகாது. நீங்கள் கூறிய இரு ஆய்வுகளும் உண்மையானவை, தரமானவை. ஆனால் அவை எலிகளைப் பற்றியவை என்பதோடு, எப்படிப்பட்ட எலிகள் என்பதையும் பார்க்க வேண்டும்.

2010ஆம் ஆண்டு ஆய்வில் பயன்பட்டவை இயல்பாக முதுமை அடைந்த எலிகள் அல்ல. டெலோமரேஸே இல்லாதபடி மரபணுவை மாற்றி, அதனால் இளமையிலேயே மூப்படையச் செய்யப்பட்டவை. இல்லாமல் செய்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்தபோது குறை தீர்ந்தது. நொதி குறைந்தால் கேடு என்பதை அது ஐயமின்றி நிறுவுகிறது. போதிய அளவில் இருப்பவருக்கு மேலும் கொடுத்தால் நன்மை என்பதை நிறுவவில்லை.

2012ஆம் ஆண்டு ஆய்வு இயல்பான எலிகளில் நடந்தது. ஆகவே அது வலுவான சான்று. ஆயினும் ஆய்வக எலி வாழ்வது இரண்டு மூன்று ஆண்டுகள். அதன் டெலோமியர் நம்முடையதைவிடப் பல மடங்கு நீளம். அதன் பல திசுக்களில் டெலோமரேஸ் இயல்பாகவே இயங்குகிறது. அதாவது எலியின் உடல் டெலோமியரைப் புற்றுக்கு எதிரான காவலாகப் பயன்படுத்துவதே இல்லை. இல்லாத காவலைத் தளர்த்தினால் கேடு வராததில் வியப்பில்லை. மேலும் அவர்கள் பயன்படுத்திய வைரஸ் தன் மரபணுவைக் குரோமோசோமுக்குள் பதிப்பதில்லை. செல் பிரியப் பிரிய அது கரைந்துபோகும். நாள்தோறும் விழுங்கும் மாத்திரையை அதோடு சமமாக வைக்க இயலாது.

இதில் என்னை மிகவும் கவர்ந்த ஆய்வு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேரா கோர்புனோவாவும் ஆண்ட்ரே செலுவானோவும் கொறிவிலங்கு இனங்கள் பலவற்றை ஒப்பிட்டார்கள். சுண்டெலி அளவிலான சிறிய இனங்களில் உடல் திசுக்களில் டெலோமரேஸ் இயங்குகிறது. பீவர், கேபிபாரா போன்ற பெரிய உடல் கொண்டவற்றில் அது அடக்கப்பட்டிருக்கிறது. ஆயுளின் நீளத்தைவிட உடலின் எடையோடுதான் இது ஒத்துப்போகிறது. உடல் பெரிதானால் செல்கள் மிகுதி; செல்கள் மிகுந்தால் எங்கோ ஒன்று கெடும் வாய்ப்பும் மிகுதி. ஆகவே பெரிய உடல்களில் இயற்கை இந்நொதியைப் பூட்டிவைத்திருக்கிறது என்பது அவர்களின் முடிவு. மனிதன் அந்தப் பெரிய உடல்களின் வரிசையில் இருப்பவன்.

மனிதரிடமே நேரடியாகக் கிடைத்த சான்றும் உண்டு. ஷெல்டரின் கூட்டில் உள்ள பி.ஓ.டி.1 என்ற புரதத்தின் மரபணு மாறியிருக்கும் குடும்பங்களில் டெலோமியர் இயல்பைவிட நீண்டிருக்கிறது. அக்குடும்பங்களில் மெலனோமா மிகுந்து காணப்படுவது 2014இல் தெரியவந்தது. நீண்ட டெலோமியர் இளமையைத் தரும் என்பது முழு உண்மையாக இருந்தால் அவர்கள் நம் எல்லாரையும்விட நலமாக இருந்திருக்க வேண்டும்.

சித்த மருத்துவத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. இது நம் மலையின் மூலிகையும் அன்று. ஒரு சீன மருந்துச் செடியின் வேரிலிருந்து பிரித்த பொருள், ஆய்வகச் செல்களில் டெலோமரேஸைச் சிறிதளவு தூண்டுவதாகக் கண்டதை வைத்து விற்கப்படுகிறது. புற்றுநோய் கண்டவர்களிடம் அது பாதுகாப்பானது என்று யாரும் நிறுவிக்காட்டவில்லை.

குலசேகரத்து மருத்துவர் எழுதியது:

விவாதம் நன்றாகச் செல்கிறது. என் மருத்துவப் பணியிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். டெலோமியர் குறைந்தால் புற்று வராது என்று யாரும் முடிவுசெய்துவிடக் கூடாது. டிஸ்கெரட்டோசிஸ் கன்ஜெனிட்டா என்ற அரிய பரம்பரை நோயில் டெலோமரேஸ் போதிய அளவு வேலை செய்வதில்லை. நகங்கள் சிதைந்து, கழுத்துத் தோலில் வலைபோன்ற கறை படர்ந்து, நாக்கில் வெண்திட்டு தோன்றும். பின்னர் எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உண்டாக்கும் ஆற்றலை இழக்கும். சிலருக்கு நுரையீரல் நாரேறி இறுகும். இவர்களுக்கு வாய்ப்புற்றும் இரத்தப் புற்றும்கூட மற்றவர்களைவிட மிகுதியாக வருகின்றன. நுனி அளவுக்கு மீறித் தேய்ந்து குரோமோசோம்கள் குலைவதும், அவர்களின் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றுவதும் இதற்குக் காரணங்கள். ஆகவே குறைவிலும் கேடு உண்டு, மிகையிலும் கேடு உண்டு. இத்தகைய நோயாளிகளுக்கு டானசால் என்ற ஹார்மோன் வகை மருந்தைக் கொடுத்தபோது டெலோமியர் நீண்டதாக 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நொதியைத் தூண்டுவதற்கு மருத்துவத்தில் இடம் உண்டு என்றால் அது இவர்களுக்கே. அதுவும் தொடர்ந்த கண்காணிப்பில்.

எதிர்த்திசையில், டெலோமரேஸைத் தடுத்துப் புற்றை ஒடுக்கும் முயற்சி முப்பது ஆண்டுகளாக நடக்கிறது. எதிர்பார்த்ததைவிட அது மிகக் கடினமாக இருந்தது. தடுத்த உடனே புற்றுச் செல் சாவதில்லை. இருக்கும் டெலோமியர் தேயும்வரை பிரிந்துகொண்டே இருக்கும். ஏறத்தாழப் பத்தில் ஒரு புற்று இந்நொதி இல்லாமலேயே, ஒரு குரோமோசோமின் நுனியைப் பார்த்து இன்னொன்றின் நுனியை நீட்டிக்கொள்ளும் மாற்று வழியைக் கையாள்கிறது. டெலோமரேஸுக்கு எதிரான தடுப்பூசி ஒன்று கணையப் புற்றில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டு, 2014இல் ஆயுளைக் கூட்டவில்லை என்று முடிவு வந்தது. இத்தனைக்குப் பிறகு 2024 ஜூனில்தான் இமெடெல்ஸ்டாட் என்ற முதல் டெலோமரேஸ் தடுப்பு மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதுவும் எல்லாப் புற்றுக்கும் அன்று. மஜ்ஜைக் கோளாறு ஒன்றில், ஓயாமல் இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய நிலையில் உள்ள சிலருக்கு. புற்றை ஒடுக்க இந்நொதியைத் தடுப்பதற்கு உலகம் இத்தனை பாடுபட, அதே நோயிலிருந்து மீண்ட ஒருவருக்கு அதைத் தூண்டும் மாத்திரையைக் கூட்டம் போட்டு விற்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

பார்வதிபுரம் எழுதியது:

கரைவலை அண்ணனின் இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் விடை எழுதவில்லை. நம் கரையைப் போலவே மோனசைட் மணல் நிறைந்தது கொல்லம் மாவட்டத்தின் சவறா, கருநாகப்பள்ளிக் கரை. அங்கே ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2009இல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றும் கூடுகிறது என்பதற்கான சான்று அதில் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு, கேரளக் கரையில் கதிர்வீச்சு மிகுந்த பகுதியிலும் இயல்பான பகுதியிலும் வாழும் வயதுவந்தோரின் இரத்தத்தில் டெலோமியர் நீளத்தை ஒப்பிட்டது. குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இவை கொல்லத்துக் கரையின் முடிவுகள். அவற்றை அப்படியே நம் ஊர்களுக்கு எழுதிவிட நான் விரும்பவில்லை. ஆயினும் மணலின் தன்மை ஒன்றே என்பதால், உங்கள் டெலோமியர் மணலால் தேய்கிறது என்று யாராவது சொல்லி மருந்து விற்றால் அதை நம்புவதற்கு ஆதாரம் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

வேளிமலை (தக்கலை) எழுதியது:

எல்லாரும் இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். இன்னும் ஒரு கேள்வி. அந்த விற்பனையாளர்கள் இரத்தம் எடுத்து டெலோமியர் நீளத்தை அளந்து, உடலின் உண்மையான வயது இத்தனை என்று சொல்லும் சோதனையும் செய்து தருகிறார்களாம். மாத்திரை வேண்டாம் என்றாலும், அப்பாவின் நிலையை அறிய அந்தச் சோதனையை மட்டுமாவது செய்துகொள்ளலாமா?

பார்வதிபுரம் எழுதியது:

வேண்டாம் தம்பி. ஒரே வயதுடைய, முழு நலத்தோடு இருக்கும் இருவரின் டெலோமியர் நீளம் ஆயிரக்கணக்கான எழுத்துகள் வேறுபடலாம். பிறக்கும்போதே அந்த வேறுபாடு இருக்கிறது. அந்த அளவோடு ஒப்பிட்டால் ஓர் ஆண்டில் குறைவது வெறும் சில பத்து எழுத்துகள். வணிகச் சோதனைகள் பெரும்பாலும் பி.சி.ஆர். முறையைக் கையாள்கின்றன. ஒரே இரத்தத்தை இருமுறை அளந்தாலே அந்த அளவுக்கு மேற்பட்ட வேறுபாடு வந்துவிடும். அதோடு, இரத்தத்தில் அளப்பது வெள்ளணுக்களின் சராசரியை. கன்னத்துச் சவ்வின் நிலையை அது காட்டாது. கீமோ, கதிர்வீச்சு, நோய்த்தொற்று ஆகியவற்றால் வெள்ளணுக்களின் கலவை மாறினாலே எண்ணும் மாறிவிடும். மருத்துவர் ஐயா குறிப்பிட்ட பரம்பரை நோயை ஐயுறும்போது, வேறொரு துல்லியமான முறையில் செய்யும் சோதனைக்குத்தான் மருத்துவத்தில் மதிப்பு உண்டு.

முதுமை முழுவதையும் டெலோமியரின் கணக்கில் எழுதுவதும் சரியன்று. நம் மூளையின் நரம்புச் செல்களும் இதயத் தசைச் செல்களும் பிறந்தபின் பெரும்பாலும் பிரிவதே இல்லை. பிரியாத செல்லின் நுனி பிரிவினால் தேய்வதும் இல்லை. ஆனாலும் அவை முதுமை அடைகின்றன.

வேளிமலை (தக்கலை) எழுதியது:

இன்று பரிசோதனைக்குச் சென்று வந்தோம். புட்டியையும் துண்டறிக்கையையும் மருத்துவரிடம் காட்டினேன். உட்கொள்ளவே கூடாது என்று கூறிவிட்டு, பதிவேட்டிலும் குறித்துக்கொண்டார். நீங்கள் எழுதியவற்றை அச்செடுத்துச் சென்றிருந்தேன். காத்திருந்த நேரத்தில் அப்பா முழுவதையும் படித்தார். பூட்டிவைத்திருப்பது நம்மைக் காக்கத்தான் என்ற பகுதியை மட்டும் இருமுறை படித்துவிட்டு, உறவினரிடம் தாமே பேசிக்கொள்வதாகக் கூறினார். உடம்பு தேறுவதற்கு என்ன செய்யலாம் என்றும், புற்று திரும்பினால் எப்படி அறிவது என்றும் அவர் கேட்கச் சொன்னார்.

குலசேகரத்து மருத்துவர் எழுதியது:

அப்பாவுக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். புகையிலையும் பாக்கும் எந்த வடிவிலும் மீண்டும் வாய்க்குள் போகக் கூடாது. அவர் செய்யக்கூடியவற்றுள் இதைவிடப் பெரிது எதுவும் இல்லை. கதிர்வீச்சுக்குப்பின் உமிழ்நீர் குறைந்து விழுங்குவது கடினமாக இருப்பதால்தான் பலர் மெலிகிறார்கள். குழைந்த கஞ்சி, முட்டை, முள் நீக்கி மசித்த மீன், பயறு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். எடையை வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். வாய் திறக்கும் அளவு குறையாதிருக்க, கற்றுக்கொடுத்த தாடைப் பயிற்சியை நிறுத்த வேண்டாம். பல் பிடுங்க நேர்ந்தால் கதிர்வீச்சு பெற்ற செய்தியைப் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாடை எலும்பு ஆறாமல் போகும் இடர் உண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், புதிதாகத் தோன்றும் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, விழுங்கும்போது காதுவரை பரவும் வலி, இவற்றில் எது தென்பட்டாலும் குறித்த தேதிவரை காத்திருக்காமல் உடனே செல்லுங்கள். மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கன்னத்தின் இருபுறமும், நாக்கின் ஓரங்களும், அடிப்பகுதியும் பார்க்கும் பழக்கத்தை அவரே ஏற்படுத்திக்கொள்ளட்டும்.